துணுக்காய்க்கு எப்ப போவம்?

சிவமலர் அக்கா காலமான செய்தி, அவரே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில்தான் எங்களுக்கு வந்தது. வன்னியில் எந்தக் குடும்பங்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்ற விபரத்தைத் திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் ஒருவருக்கொருவர் சொல்வதற்காக அவர் தொடங்கிய குழு அது. "ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை, எல்லாற்ற போனும் பழுதோ?" என்று அடிக்கடி கேலி செய்வார். அன்று காலை தேநீர் ஆறுவதற்குள் எல்லா நிறுவனங்களும் அதில் அனுதாபம் தெரிவித்துவிட்டன. நானும் கைகூப்பும் படமொன்றைப் போட்டேன். போட்ட பிறகுதான், மேலே அவருடைய கடைசிக் கேள்வி பதிலில்லாமல் கிடப்பதைக் கண்டேன். "துணுக்காய்க்கு எல்லாரும் சேர்ந்து எப்ப போவம்?"

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நெடுங்கேணிப் பயணம் நினைவிருக்கும். காட்டோரத்து வீடொன்றில் நாங்கள் வாய் திறக்க முன்னரே ஒரு சின்னப் பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். ஊட்டம் போதுமா என்று பார்க்கக் கைச் சுற்றளவு எடுக்க ஆட்கள் வருவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"முதல் வந்தவையும் அளந்தவை. எத்தினை நேரம் சாப்பிடுறியள் எண்டு கேட்டவை. எழுதிக்கொண்டு போட்டினம்," என்றார் தாய். "நீங்கள் வாறியள் எண்டு இண்டைக்குக் கூலிக்கும் போகேல்லை."

அக்கா படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.  திரும்பும் வழியில் சொன்னார்: "பசியை அளக்க வந்து, அந்த வீட்டின்ர ஒருநாள் சோத்தைப் பறிச்சுக்கொண்டு போறம்."

அதன் பிறகு அவர் பிடித்தது ஒரே பிடி. எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஒருமுறை போகவேண்டும். கிடைக்கும் விபரத்தை எல்லோரும் பார்க்கவேண்டும். வன்னியின் துணுக்காய்ப் பகுதியில் தொடங்கலாம் என்றார். "ஒரு வீட்டுப் படலையை ஒருக்காத் தட்டுங்கோ" என்பார். அவர் நடத்தும் கூட்டங்களில் மேசையிலிருந்த நிறுவனப் பெயர்ப்பலகைகளை எடுத்துவிடுவார். சுகாதாரப் பகுதியினரிடம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் நிலவரத்தைக் கேட்பார். விவசாயப் பகுதியினரிடம் பிள்ளைகளின் நிறையைக் கேட்பார். ஒருவருக்கும் மற்றவர் சங்கதி தெரியாது. அசடு வழியச் சிரிப்போம். "நீங்கள் துண்டு துண்டாய்ப் பிரிச்சு வைச்சிருங்கோ. அந்தப் பிள்ளையின்ர வயித்துக்கு எல்லாம் ஒண்டாய்த்தான் தெரியும்," என்றார் ஒருநாள். எல்லோரும் தலையாட்டினோம். பிறகு, மேலிடத்தில் கேட்கவேண்டும் என்று சொல்லி அவரவர் வாகனத்தில் ஏறிப் போனோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் நினைவாக ஒரு மலர் அச்சிடுவதென்று எங்கள் நிறுவனம் முடிவெடுத்தது. விபரம் கேட்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் தில்லையண்ணை கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே உள்ளே போய் அக்காவின் படத்தை எடுத்து வந்து நீட்டினார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வேலைக்குச் சேர்ந்த இடம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்.

"நான் இதுக்குத்தான் வந்தனான் எண்டு எப்பிடியண்ணை தெரியும்?"

"முதல் வந்தவையும் இதைத்தானே தம்பி கேட்டவை. எல்லாரும் மலர் அடிக்கினமாம்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நெடுங்கேணிப் பிள்ளையின் கை கண்ணுக்குள் வந்து நின்றது. அக்காவின் வீட்டுப் படலையையே ஆள்மாறி ஆளாகத் தட்டியிருக்கிறோம். வெட்கத்தில் அந்த மனிதரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முற்றத்தில் நின்றபடியே மற்ற நிறுவனங்களோடு தொலைபேசியில் கதைத்தேன். ஒரே மலராக அடிப்போம் என்றேன். மேலிடத்தில் கேட்கவேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "ஓம், அதுதான் வடிவு" என்றார்கள். வெயில் சரிய முன்னர் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு லேசான காரியத்துக்கா அந்த மனுசியை இத்தனை வருடம் அலையவிட்டோம்?

நீங்கள் கையில் வைத்திருப்பது அந்த மலர்தான். எங்கள் எல்லோருடைய பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதற்காக எங்களைப் பாராட்ட வேண்டாம். அக்காவின் கடைசிக் கேள்வியை நேற்று குழுவில் மறுபடியும் போட்டேன். இதை அச்சுக்குக் கொடுக்கும்வரை ஒரு பதிலும் வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். கேட்க இனி அவர் இல்லை. அதனால் நான் கேட்கிறேன்: துணுக்காய்க்கு எல்லாரும் சேர்ந்து எப்ப போவம்?