கழுத்துக்குக் கீழே

பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வதுதான் அவனுக்கு வேலை. ஒரு விளம்பர நிறுவனத்தில் லிஃப்ட் பாதியில் நின்றபோது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டான். அவர்களில் ஒருத்தி புகைப்படக்காரி. நன்றி சொன்ன பிறகும் போகாமல் அவன் தோள்களையே அளவெடுத்துக்கொண்டு நின்றவள், ஆண்கள் சட்டை விளம்பரத்துக்கு வருகிறாயா என்று கேட்டாள்.

போனான். வெளிர்நீலத்தில் ஓர் அரைக்கைச் சட்டை போட்டுவிட்டார்கள். தொளதொளவென்று இருந்ததை முதுகுப்பக்கம் கிளிப் மாட்டி இறுக்கினார்கள். விடுமுறை நாளில் வேலைவெட்டி இல்லாமல் நிற்பவன்போலச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

அதன்பிறகு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிவெட்டுபவரிடம் சொன்னான், மாடிவீட்டாரிடம் சொன்னான், அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னதையே திரும்பவும் சொன்னான். இனி ஊரெல்லாம் மாப்பிள்ளை மூஞ்சிதான் என்று அவரும் ஏற்றிவிட்டார்.

பெரிய கடைவளாகத்தில் படம் வைத்தாயிற்று என்று தெரிந்ததும் குடும்பமே கிளம்பியது. மகள் தன் வகுப்புத் தோழியையும் கூட்டிவந்திருந்தாள்.

நகரும் படிக்கட்டுக்கு மேலே மாடி உயரத்துக்குத் தொங்கியது படம். அவன் சட்டை, அவன் இடுப்பு, தொடையோரம் தொங்கும் அவன் கை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. அத்தனை சிரிப்பையும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

"உன் படம் எங்க, மாப்ள?" என்று அக்கா வீட்டுக்காரர் அண்ணாந்து தேடினார்.

"இன்னும் வைக்கல போலிருக்கு, மாமா. இது வேற யாரோ."

"இல்லப்பா, நீங்கதான்," என்றாள் மகள். "சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாருங்க." எப்போதோ லிஃப்ட் கதவில் நசுங்கிய விரல் அது. தோழிக்கும் பெருமையாகச் சுட்டிக்காட்டினாள்.

"தெரியாம உளறாத. வாய மூடு."

நாலுபேர் எதிரில் அவளை அவன் அதட்டியதே கிடையாது. நீட்டிய கையை அவள் மெல்ல இறக்கிக்கொண்டாள். தோழி வேறு பக்கம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் மென்று விழுங்கி உண்மையைச் சொன்னான். அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்திருந்தது. தன்னிடம் சொல்லிப் பயனில்லை, சொல்லவேண்டியவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றுவிட்டாள்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அது நான்தாம்மா. தலை இல்லாமப் பாத்ததும் அசிங்கமாப் போச்சு."

அவள் நிமிரவில்லை. "நான் பொய் சொல்றேன்னு என் ஃப்ரெண்டு நெனச்சுட்டா," என்றாள்.

மறுநாள் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அவர் மூச்சுமுட்டச் சிரித்தார். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. பள்ளி விடும் நேரத்தில் வேலை உடுப்போடு வாசலில் போய் நின்று, அந்தத் தோழியைக் கூப்பிட்டு, படத்தில் இருப்பது தான்தான் என்றும், வெட்கப்பட்டுக்கொண்டு மகள்மேல் பொய்ப்பழி போட்டது தான்தான் என்றும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சுட்டது.

"சரி, அங்கிள்," என்று சொல்லிவிட்டுத் தோழி ஓடிவிட்டாள்.

மகள் அன்று வீடுவரைக்கும் அவனுக்கு முன்னாலேயே நடந்தாள். தெருவைக் கடக்கும்போது மட்டும் அவனுக்காக நின்றாள்.