கடைக்காரன் சொன்ன சீக்கு

பிரசவத்துக்கு ஆயக்குடி போன மனைவியையும் கைக்குழந்தையையும் பார்த்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பிய சில வாரங்களில் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. விரலிடுக்கிலும் ஆணுறுப்பிலும் கொப்புளங்கள்.

மருந்துக்கடையில் வேட்டியை விலக்கிக் காட்டினேன். கடைக்காரன் என் கையைப் பார்க்கவே இல்லை. "பொண்டாட்டி ஊர்ல இல்லைன்னு எங்கிட்டு மேஞ்ச அப்பு? இது பொம்பளைச் சீக்குல்ல" என்று சிரித்தான்.

நான் எங்கும் போனதில்லை. அப்படியானால் அவளிடமிருந்தா என்று என் கேடுகெட்ட புத்தி போனது.

"எப்பங்க எங்களைக் கூப்பிட வருவீங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம் வேலை என்று சாக்குச் சொன்னேன். மகள் முதன்முதலில் குப்புற விழுந்ததைக்கூட போனில்தான் பார்த்தேன். தூக்கக் கை பரபரத்தது.

ஒருநாள் அவள், "ஏனுங்க, எனக்கும் பாப்பாவுக்கும் விரலிடுக்கெல்லாம் கொப்புளமுங்க. ராத்திரியானா அரிப்புத் தாங்கலைங்க" என்றாள்.

அன்றே தோல் டாக்டரிடம் ஓடினேன். "இது சிரங்குப்பா, பூச்சியால வர்றது. பிள்ளையத் தூக்கி வச்சிருந்தாலே ஒட்டிக்கும். எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போடுங்க" என்றார். சந்தேகம் தீர ரத்தமும் பார்த்தார். பால்வினை நோய் எதுவும் இல்லை.

ஆயக்குடியிலும் டாக்டரிடம் காட்டி, அதே நாளில் மருந்து தடவினார்கள். குணமானதும் ஓடினேன். மகள் என்னை யாரோ என்று பார்த்து வீறிட்டாள்.

இப்போது சின்ன அரிப்பு என்றாலும் முதலில் மனைவியிடம் சொல்கிறேன், பிறகு நேரே டாக்டரிடம் போகிறேன். எந்தக் கடைக்காரனிடமும் வேட்டியை விலக்கிக் காட்டுவதில்லை.