அக்காவின் உப்பு ஜாடிகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் இருந்து பழகவில்லை. கரும்பு வெட்டப் போனேன், லாரியில் கிளீனராகப் போனேன், கல்யாணச் சமையல்காரர்களோடு பாத்திரம் கழுவப் போனேன். வேலை இல்லாத நாட்களில் தோளில் தொங்கும் பைதான் வீடு. அதில் ஒரு துணி மூட்டையில் அவலும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாயும் எப்போதும் இருக்கும். அவலைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

அந்த ஊறுகாய் என் அக்கா போட்டது. கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாகூர் பக்கமாக உள்ளே நடந்தால் அவள் ஊர். மாமா இறந்துவிட்டார். ஒரே மகளைக் கடலூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டாள். நடவு, களை, கரும்புத் தோகை உரிப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவள். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நின்றுவிடும், வேலை இருக்காது. அந்த இரண்டு மாதமும் கடைப்பக்கம் போகக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். அதற்காகவே கோடை முழுதும் வேலை முடிந்து வந்து எதையாவது காயவைத்துக்கொண்டிருப்பாள்.

அடுக்களைச் சுவரில் ஒரு கடப்பைக்கல் ஷெல்ஃப். எலுமிச்சை, நார்த்தங்காய், மாங்காய் என்று வரிசையாக ஊறுகாய் ஜாடிகள். மோர்மிளகாய்க்கும் சுண்டை வற்றலுக்கும் தனித்தனி ஜாடி. விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிய வெங்காய வடகம். கல்லுப்புப் போட்டு அடைத்த புளிப்பானை. நாற்றம் வெளியே வராதபடி வாயைக் கட்டிய தகர டின்னில் கருவாடு. வீட்டுக்கு வெள்ளையடிக்க முடியாமல் போன வருஷங்கள் உண்டு. ஷெல்ஃப் காலியாக இருந்த வருஷம் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் பொங்கலுக்கு வந்திருந்தேன். அந்த முறை மழை சரியாகப் பெய்யாததால் அக்காவுக்கு வேலை நிற்கவில்லை, ஜாடிகளும் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. ஒருநாள் களை எடுத்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள் என்று கூட வேலை செய்தவர்கள் கூட்டிவந்து விட்டார்கள். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்த நர்சம்மா சின்ன வயசுக்காரி.

"எவ்ளோ நாளா இப்படி சுத்துது?"

"வெயில்ல நின்னா சுத்தத்தான செய்யும்."

"தை மாசத்துல இன்னா வெயிலு ஆயா?"

ஆயா என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு நர்சம்மா சொன்னதில் பாதி அவள் காதில் விழுந்திருக்காது. என் காதில் விழுந்தது. மாத்திரையைத் தினமும் போட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, வற்றல் எதையும் தொடக்கூடாது. இல்லாவிட்டால் ஒருநாள் கையும் காலும் இழுத்துக்கொள்ளும்.

இழுத்துக்கொள்ளும் என்பது மட்டும் அவளுக்கும் கேட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"இழுத்துக்கினா யார்ரா பாக்கறது? பொண்ணுக்குக் கடலூர்ல மாமியாரு கீறாங்க. நீ இன்னிக்கு இங்க, நாளிக்கு எங்கியோ."

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சமையல் கோஷ்டியோடு போவதாக இருந்தேன். அவர்களுக்குப் போன் போட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து சோற்றில் உப்பில்லை, குழம்பில் உப்பில்லை. மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. அடுத்த மாதம் போனபோது பிரஷர் குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. நர்சம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு மாத்திரை எழுத டாக்டரிடம் அனுப்பினார்.

அன்று மத்தியானம்தான் அவள் சாப்பிடுவதைச் சரியாகக் கவனித்தேன். உப்பில்லாத குழம்புச் சோறு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஊறுகாயை வழித்துத் தொட்டுக்கொண்டாள். அடுத்த வாய்க்கு ஒரு மோர்மிளகாய். தட்டு ஓரத்தில் சுட்ட கருவாடு ஒரு துண்டு. முன்பெல்லாம் ஒரு விரல் ஊறுகாய் எடுப்பவள் இப்போது கரண்டியால் எடுத்தாள்.

"இன்னாக்கா இது?"

"இன்னாடா?"

"உப்பு கூடாதுன்னாங்களே."

"உப்ப எங்கடா போட்டன்? சோத்துல போடல, கொழம்புல போடல. நீயே வாயில வெச்சிட்டு மூஞ்ச சுளிச்சியே."

"ஊறுகாய்ல?"

"அது போன சித்திரையில போட்டது. இப்ப போட்ட உப்பா அது? வெயில்ல காஞ்சி, ஊறி, அடங்கிப்போன உப்புடா."

"ஊறுகாயே கூடாதுன்னாங்கக்கா."

"அது கடை ஊறுகா. பாக்கெட்டுல வருது பாரு, அத சொன்னாங்க. என் கையால போட்டத அவங்க எங்க பாத்தாங்க?"

சண்டை போடவில்லை. ஒரு கைப்பிடி மோர்மிளகாயை டம்ளர் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். சாயங்காலம் மிளகாயை எடுத்துவிட்டுத் தண்ணீரை அவளிடம் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவள் எழுந்து போய் வாசலில் துப்பினாள்.

"கடல் தண்ணி மாரி கீதுடா."

வாயைக் கொப்பளித்தாள். உள்ளே வந்து ஷெல்ஃபைப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம் கொட்டிடறதா? மழைக்கு இன்னாத்த தின்றது?"

அவளுக்கு நோயைவிட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. நானும் அவளும் சின்ன வயதில் மழை நாட்களில் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறோம். எனக்கு அது பழகிப்போனது. அவளுக்குப் பழகவில்லை.

கொட்டுவதற்கு மனம் வராமல் தெருவில் கொடுக்கப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி, "எனக்கு மூணு வருஷமா பிரஷரு" என்றாள். அடுத்த வீட்டில் பிரஷரோடு சுகரும்.

"நேத்துகூட நார்த்தங்கா வாங்கினு போனியேடி?"

"அது எங்க வூட்டுக்காரருக்கு."

"அவருக்கு இல்லியா?"

"அவரு ஆஸ்பத்திரிக்கே போனதில்லியே, இருந்தா தெரியும்."

அக்கா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "தெருவே மாத்திரை தின்னுதுடா."

அப்போதுதான் எனக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் ஞாபகம் வந்தார்கள். ஏரிக்கரைப் பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டி ஒரு கூட்டம் தங்கியிருந்தது, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். உச்சிவேளைக்குள் சட்டை முதுகில் உப்புப் பூத்துவிடும். கஞ்சியில் எவ்வளவு உப்புப் போட்டாலும் நாக்கு இன்னும் கேட்கும்.

ஜாடிகளை இரண்டு கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனோம். நான் மட்டும் போகிறேன் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண் ஜாடிகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் சும்மா குடுக்கறீங்க? கெட்டுப்போச்சா?"

"என் ஊறுகாயப் பாத்து கெட்டுப்போச்சான்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"எனக்கு பிரஷரு. தொடக்கூடாதுன்னுட்டாங்க" என்றாள் அக்கா.

"அப்ப சரியான எடத்துக்குதான் கொண்டாந்திருக்கீங்க. எங்க ஒடம்புல உப்பு நிக்கறதே இல்ல."

மோர்மிளகாயைக் கறுகவிடக்கூடாது, நார்த்தங்காயில் ஈரக் கை படக்கூடாது என்று அக்கா, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவள்போல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது, "ஜாடி மட்டும் திரும்ப வந்துடணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஷெல்ஃபைத் துடைத்தாள். ஜாடி இருந்த இடங்களில் வட்ட வட்டமாக உப்பு வெள்ளை படிந்திருந்தது. ஈரத்துணியால் தேய்த்தாள், காய்ந்ததும் மறுபடி தெரிந்தது. மறுபடி தேய்த்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உப்பு இல்லாததால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

மாசிக் கடைசியில் வெட்டு முடிந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாங்கின பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? ஜாடிகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் காராமணி, ஒன்றில் கொள்ளு, மற்றவற்றில் கேழ்வரகு போட்டிருந்தார்கள். ஊரிலிருந்து சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததில் மீந்தது.

"மறுபடி தூக்கினு போவணும், அதான்" என்றாள் அந்தப் பெண். கொடுக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா காராமணிக்குள் கையை விட்டு அளைந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"இதுல உப்பு இல்லியேடா" என்றாள், புதிதாகக் கண்டுபிடித்ததுபோல.

மறுநாள் எல்லாவற்றையும் வெயிலில் கொட்டி, நிழலில் ஆறவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மூடினாள். பங்குனியில் கொத்தவரங்காயை வேகவைத்து உப்பில்லாமல் காயவைத்தாள். கத்தரிக்காய் பூசணம் பூத்தது, எருக்குழியில் போட்டாள். அடுத்த முறை மெல்லிசாக அரிந்தாள், கெடாமல் நின்றது. முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்தாள். புளியை மட்டும் உப்பில்லாமல் வைக்கத் தைரியம் வரவில்லை. கொட்டையும் நாரும் எடுத்து இன்னும் இரண்டு வெயில் காட்டி, பாதி உப்பில் அடைத்தாள்.

நான் கோயம்புத்தூர் போனேன். ஐப்பசி பிறப்பதற்குள் திரும்பிவிட்டேன். அதற்கு முன் நான் மழைக்கு வீடு வந்ததில்லை. நர்சம்மா பிரஷர் இறங்கியிருக்கிறது என்று சொன்னதாகவும் இன்னும் ஆயா என்றே கூப்பிடுவதாகவும் அக்கா சொன்னாள். அந்த வருஷம் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வயல்களில் தண்ணீர் நின்றது, ரோட்டிலும் நின்றது. கேழ்வரகுக் களி கிண்டி, காராமணியும் கொத்தவரை வற்றலும் போட்டுக் குழம்பு வைத்தாள். உப்பு ஒரு சிட்டிகை.

"ருசியே இல்ல" என்றாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டு மார்கழி பிறந்ததும் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன்.

"தை பொறந்தா கரும்பு வெட்ட வருவாங்க இல்ல? அந்தப் பொண்ணுக்குக் குடுக்க வாணாமா?"

பழத்தை அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கினாள். பழக்கத்தில் விரலைச் சாற்றில் விட்டு வாய்வரை கொண்டுபோனவள் அங்கேயே நிறுத்தினாள். விரலை என் பக்கம் நீட்டினாள்.

"நாக்க நீட்டு. உப்பு செரியா கீதா?"

"கொஞ்சம் பத்தல."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டாள்.

"நாலு நாளு கழிச்சி மறுபடி பாக்கணும்" என்றாள். "அதுவரிக்கும் எங்கியும் போயிடாத."