தலைவர்வலி

சுவரெழுதியே முப்பது வருடம் பிழைத்தவர் அவர். பெயிண்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். கொள்கை என்னவென்று கேட்டால், "சிவப்பு இருக்கு, கறுப்பு இருக்கு, நீலம் இருக்கு. எது வேணும்?" என்பார்.

மனைவி போனதோடு அந்தக் கிண்டலும் போயிற்று. ஆளுங்கட்சித் தலைவர் பதவிக்கு வந்த மறுமாதமே பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டியிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை ஆட்டோவில் ஏற்றி, தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

இருபதாம் நாள் அதே கட்சியின் கிளைச் செயலாளர் சுவரெழுதக் கூப்பிட்டு ஆளனுப்பினார். பெயிண்டர் பிரஷ்ஷை எடுத்தார். தெருமுனைகளில் நாடகம் போடுகிற மச்சினன் வாசலை மறித்தான்.

"அக்காவக் கொன்னவனுக்கே புகழ் பாடப் போறீங்களா, மாமா?"

"உன் நாடகத்தப் பாத்துட்டு எவன்டா நாற்காலிய விட்டு எறங்குனான்? பாக்குறதே பதினஞ்சு பேரு. அதுல நாலு பேரு பஸ்ஸுக்கு நிக்கிறவன்."

"அவங்ககிட்டயாவது வாயத் தொறக்கிறேன். உங்ககிட்ட பெரிய சுவரு இருக்கு. நாக்குதான் இல்ல."

அது சுருக்கென்று தைத்தது. எழுதச் சொன்ன வாசகம் 'தலைவர் வழி நம் வழி'. பெயிண்டர் இரண்டு இடத்திலும் 'ழி'யை விட்டு 'லி' போட்டார். தலைவலி மாதிரி தலைவர்வலி. படிக்கிறவனுக்குப் புரியாமலா போகும்? அடி விழும் என்றுதான் மறுநாள் சுவரடியில் காத்திருந்தார்.

செயலாளர் ஆட்களோடு வந்தார். படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தலைவரு மூட்டுவலியில படுத்திருக்காரு. அந்த வலிய ஊரே வாங்கிக்கிச்சுன்னு எழுதியிருக்கான் பாருங்கய்யா. இன்னும் நாப்பது சுவரு எழுது."

"ஐயா, அது கிண்டலா எழுதுனது."

"தன்னடக்கம் வேற," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மச்சினன் மெதுவாகக் கைதட்டினான். "சபாஷ் மாமா. அக்கா செத்ததுக்கு அவன் முட்டிக்கு ஒத்தடம் குடுத்துட்டீங்க."

பெயிண்டர் ஏணியைச் சாத்தி, தெருவே பார்க்க இரண்டு 'லி'யையும் சுரண்டி எடுத்து, 'ழி' எழுதினார். விஷயம் கேள்விப்பட்டுச் செயலாளர் ஓடிவந்தார்.

"எவன்யா அதுல கைவைக்கச் சொன்னது?"

"எழுத்துப் பிழை. திருத்திட்டேன்."

"அந்தப் பிழைதான்யா எனக்கு வேணும்."

"பிழையா எழுத எனக்கு வராது."

"அப்ப இந்த ஊருல உனக்கு இனிமே சுவரே கெடையாது."

அவர் போனபின் மச்சினன் ஏணியடிக்கு வந்தான். "இப்ப மட்டும் என்ன மாறிப்போச்சு? அவன் சொன்ன வாசகம்தானே நிக்குது."

"நிக்கட்டும். உங்கக்கா வலிய அவன் முட்டியில கட்ட விடமாட்டேன்."

மச்சினன் ஏணியைப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டான். பெயிண்டர் ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார்.