குழலுக்குள் செம்மண்

முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வந்து உட்கார்ந்தால்தான் தன் முதுகு எவ்வளவு பெரியது என்று ஒருத்திக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது போன செமஸ்டர் லீவில், மெர்லிமாவுக்கு உள்ளே மாமா வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில்.

மாமா அம்மாவின் தம்பி. அந்தத் தோட்டத்தில் காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே ஆள். புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றிகள் கிளறிப் போட்டுக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அந்த வாரம் பார்த்து மாமாவின் இடது பாதத்தில் மட்டை முள் ஏறி வீங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் கியர் போட முடியாது. துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாத யாரும் தொடக்கூடாது. மோட்டாரை நான் ஓட்டலாம். "நான் ஓட்டுறேன் மாமா" என்று வாய் முந்திக்கொண்டது. எதற்கும் முதலில் கை தூக்கிவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள் நான்.

யோசித்த பிறகு, உட்கார்ந்து வீடியோ தேடினேன். மோட்டாரில் துப்பாக்கி கொண்டுபோவது பற்றி ஒருத்தரும் பேசவில்லை. குதிரையில் போகிற வேட்டைக்காரர்கள்தான் விளக்கி விளக்கிச் சொன்னார்கள். ஏறுவதற்கு முன்பே தோட்டாவை எடுத்துவிடு. குழல்வாய் உன்னையும் பார்க்கக்கூடாது, குதிரையையும் பார்க்கக்கூடாது, கீழே பார்க்கட்டும். இறங்கும்போது துப்பாக்கியைக் குதிரையிலேயே விட்டுவிடாதே, குதிரை ஓடிவிடும். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம் கப்சாய் மோட்டாருக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் மாமா பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவருடையது நடுவில் மடங்கித் திறக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. அது மூடுகிற சத்தம் என் பிடரியில் கேட்டது.

"மாமா, தோட்டா உள்ள இருக்கா?"

"இல்லாம? பன்னி நம்மளப் பாத்ததும் நின்னு, மெதுவா போடுங்கண்ணேன்னு சொல்லுமா?"

"எடுங்க. எடுத்தாத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்."

"லாக் போட்டிருக்குலா."

"எடுங்க மாமா."

துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தை கொடியடியிலிருந்தே குரல் கொடுத்தார். "அவ சொல்றதக் கேளுங்க. ஒரு காலு ஏற்கெனவே போச்சு, மிச்சத்தையாவது வச்சிக்குங்க."

தோட்டா சட்டைப் பைக்குப் போனது. போனதைத் திரும்பி என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் குழல் என் தோளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. கீழே பார்த்து மாட்டுங்கள், குதிரைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றேன்.

"இது குதிரையா? அப்ப புல்லு போடவா, பெட்ரோல் ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டே வாரைத் தோளில் மாட்டி, குழலைத் தன் வலது கால் பக்கம் தொங்கவிட்டார்.

பகலெல்லாம் மழை. தோட்டத்துச் சாலை குழைந்து கிடந்தது. துப்பாக்கி காலி என்று தலைக்குத் தெரியும், முதுகெலும்புக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குழிக்கும் என் தோள்கள் தாமாகக் காதுவரை ஏறின. பாரிட்டுக் கால்வாய்க்கு இறங்குகிற சரிவில் பின் டயர் வழுக்கியது. மோட்டார் விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மெதுவாகச் சாய்ந்து படுத்தது. நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப எழுந்திரு. என் கால் மேல கெடக்குற."

எழுந்தேன். மாமா மோட்டாரைத் தூக்கச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியின் கட்டையை மட்டும் சட்டை நுனியால் துடைத்தார். "பாத்தீங்களா? தோட்டா இருந்திருந்தா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமை. மாமா ஏதோ முணுமுணுத்தார்.

கன்று நட்ட பிளாக்கின் ஓரத்தில் மோட்டாரை நிறுத்தியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மாமா இறங்கி நாலடி நொண்டியிருப்பார், இடது பக்கத்தில் பெரணிச் செடிகள் ஆடின. ஒரு பெரிய பன்றி, பின்னால் குட்டிகள். துப்பாக்கியை மடக்கி, தோட்டாவைப் போட்டு, மூடித் தோளில் வைத்துவிட்டார். காலில் முள் ஏறிய மனுஷனா இவர் என்று இருந்தது. பன்றி ஓடியது. அதோடு சேர்ந்து மாமாவும் திரும்பினார். குழல் என்னைக் கடந்து போனது.

ஒரு நொடிதான். குழல்வாயை நேருக்கு நேர் பார்த்தேன். அங்கே கறுப்பாக ஓர் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லை. சிவப்பாக இருந்தது.

"சுடாதீங்க!"

எனக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அதற்கு முன் தெரியாது. மாமாவின் விரல் நின்றது. பன்றியும் குட்டிகளும் கன்றுகளைத் தாண்டி மறைந்தன.

"பைத்தியமா உனக்கு? கைக்கு வந்தது போச்சு! பயமா இருந்தா வீட்லயே இருந்திருக்கணும்லா!"

குழல்வாயை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் திட்டிக்கொண்டே துப்பாக்கியை மடக்கி, தோட்டாவை உருவிவிட்டு, குழலின் பின்புறம் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார். திட்டு நின்றுபோனது. திரும்பவும் பார்த்தார். வானம் தெரியவில்லை. சரிவில் விழுந்தபோது குழல் செம்மண்ணில் குத்தி, அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

மாமா ஒரு மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"வெடிச்சிருக்கும்" என்றார். துப்பாக்கி பிடித்த கையைப் பார்த்து, "இந்தக் கை. கண்ணும்" என்றார்.

அது எனக்கும் தெரியும். அடைபட்ட குழலில் சுட்டால் குழல் கிழியும் என்று நானே படித்திருந்தேன். குதிரை உயரம், தொங்குகிற குழல் தரையிலிருந்து தள்ளியே இருக்கும். கப்சாயில் சேற்றுக்கு ஒரு சாண் மேலே. அது மட்டும் என் மண்டையில் ஓடவில்லை. என் முதுகிலிருந்து எடுத்த ஆபத்தை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவரிடம் சொன்னேன்.

"நீ கீழ பாத்து வைக்கச் சொன்ன. விழுந்தப்புறம் பாக்காதது நான்தானே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

திரும்பும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்தபடியே மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். இரும்பு என் இடுப்பில் ஈரமாக இடித்தது. நத்தை வேகத்தில்தான் போனேன். அப்படியும் குழிக்குக் குழி, "மெதுவா, மெதுவா" என்றார்.

வீட்டில் அத்தை கேட்டதற்கு "இன்னிக்கு ஒண்ணும் ஆம்புடல" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். குச்சியில் துணி சுற்றி மண்ணைத் தள்ளினார். தண்ணீர் ஊற்றினார். துடைத்தார், எண்ணெய் போட்டார், மறுபடியும் துடைத்தார். நான் குளித்துவிட்டு வந்தபோதும் குழலைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க வா. தொடாத. நான் புடிச்சிக்கிறேன், நீ பாரு."

பார்த்தேன். நீளமான இருட்டு, அதன் கடைசியில் வட்டமாக வெளிச்சம். எங்கேயும் ஒரு துணுக்கு மண் இல்லை.

"சுத்தமா இருக்கு மாமா."

"நல்லாப் பாத்தியா?"

இன்னொரு தரம் பார்த்தேன். குழல் என் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டே இருந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

"ம்" என்றார். குழலைக் கீழே வைக்கவில்லை.