மூடி திறக்காத புட்டி

அந்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாகச் சளியும் ரத்தமும் பார்க்கிறவளுக்குப் ‘பிடிவாதக்காரி’ என்றே பேர். எதையும் லேசில் தூக்கி எறிய மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை, கூட வேலை பார்க்கிறவள் கிருமி வளர்க்க வைத்திருந்த ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அக்கா, போர்வெல்காரரோட சளி. பஞ்சு மாதிரி பூஞ்சை பூத்திருக்கு. காத்துல வந்து விழுந்ததுதான். குப்பையில போட்டுடவா?” என்று மூடியில் கை வைத்தாள்.

“கையை எடுடி! திறந்தேன்னா உன் தோலை உரிச்சிடுவேன்!”

போர்வெல்காரருக்கு மூன்று மாதமாக இருமல். காசநோய் மாத்திரைக்கும் மசியவில்லை. நுரையீரலில் கட்டி, ஊசி போட்டு எடுத்த சதையிலும் ஒன்றும் பிடிபடவில்லை. புற்றுநோயாகத்தான் இருக்கும், வியாழக்கிழமை அறுத்து எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

புட்டியைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் பிடிவாதக்காரி வார்டுக்குப் போனாள். கேஸ் தாளில் ‘வெளிநாடு சென்றதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றிருந்தது.

“நிஜமாவே எங்கேயும் போகலையா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவர் மனைவிதான் பொரிந்து தள்ளினாள். “போகாம என்ன? ஒரு வருஷம் வெளிநாட்டுப் பாலைவனத்துல கிணறு தோண்டிட்டு வந்தாரு. சீக்காளின்னு தெரிஞ்சா கம்பெனி திரும்பக் கூப்பிடாதாம், அதான் வாய்க்குப் பூட்டு!”

“தூசி நிறையவா?”

“வீடியோவுல மண்பொம்மை மாதிரி நிப்பாரு. மாஸ்க்கு நெத்தியில கிடக்கும்.”

“மாட்டினா மூச்சு முட்டுது...” என்றார் அவர்.

“இப்ப மட்டும் முட்டலையாக்கும்!”

சில வறண்ட நிலத்து மண்ணில் ஒரு பூஞ்சை உண்டு. மண்ணைக் கிளறினால் மூச்சோடு உள்ளே போய்விடும். அது வளர்ந்த புட்டியைத் திறந்தால் கூடத்தில் இருப்பவர்களும் படுக்க வேண்டியதுதான். அவள் ஓட்டமும் நடையுமாகப் பெரிய டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“சதையைத்தான் பார்த்தாச்சேம்மா.”

“பூஞ்சையைக் காட்டுற வேற சாயம் போட்டு இன்னொரு தடவை பாருங்க சார். அதுவரைக்கும் நகர மாட்டேன்.”

புதன் மதியம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்த டாக்டர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு விலகி அவளுக்கு இடம் விட்டார். பை நிறையக் கடுகைக் கட்டி வைத்ததுபோல் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. அதே பூஞ்சை! புற்றுநோய் இல்லை. கத்தி வேண்டாம், சில மாதம் மாத்திரை போதும். புட்டியில் பூத்ததுதான் காற்றில் பறக்கும்; அவர் இருமினால் அடுத்தவருக்குத் தொற்றாது.

அவளே போய்ச் சொன்னாள். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முழுங்குறாரான்னு நீங்களும் பார்த்துக்கோங்க அக்கா. மாத்திரையையும் நெத்தியில ஒட்டிக்கப் போறாரு!” என்றாள்.