ஒரே கேள்வியில் படுத்த சர்வர்

சர்வர் காக்கும் தொழிலில், அது ஓடும் நாட்களில் நம்மை எவரும் நினைப்பதில்லை. படுத்த நாளில் நம்மைத் தவிர வேறு எவரையும் நினைப்பதில்லை. இதிலேயே உழலும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டுத் தில்லைநகரில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள ஜவுளிக் கடை ஒன்றின் இணையதளம் ஆறு ஆண்டுகளாக என் பொறுப்பு. சென்ற ஆடியில் அந்தப் பொறுப்புக்கு ஆபத்து வந்தது.

கூட்டம்

ஆடித் தள்ளுபடியின் முதல் வெள்ளியன்று காலை பத்து மணிக்குத் தளம் நின்றது. மீண்டும் எழுப்பினேன், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. ஊரே திரண்டு வந்திருக்கிறது, பெரிய இயந்திரம் வேண்டும் என்று கடை உரிமையாளர் சம்பத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அவரும் என்னைப் போல் ஸ்ரீரங்கத்துக்காரர். என்னை மாமி என்பார். மேடம் என்று ஒருமுறையும் அழைத்ததில்லை.

"ஊரே வந்திருக்குன்னா ஒரு ஆர்டராவது வந்திருக்கணுமே, மாமி?"

ஒருவர்

அப்போது ரஹ்மத் என் திரையை எட்டிப் பார்த்தார். பொன்மலை ரயில்வே பணிமனையின் கணினிப் பிரிவில் ஓய்வு பெற்று, எங்களிடம் வந்து ஆறு மாதங்கூட ஆகாத பெண்மணி. நான் வருகையாளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ, தளத்துக்கு வந்த கேள்விகளின் நீளத்தைப் பார்த்தார்.

தளத்துக்கு வரும் கேள்வியைப் பிரித்துப் பதிலைத் தேடித் தருவது, பிறர் எழுதிவைத்த ஒரு நிரல் தொகுப்பு, லைப்ரரி என்போம். புடவையைக் கேட்டால் அது நெய்யப்பட்ட ஊரைத் தரும். ஊரைக் கேட்டால் அவ்வூர்ப் புடவைகளை எல்லாம் தரும். யாரோ ஒருவர் ஒரு புடவையின் ஊர், அந்த ஊரின் புடவைகள், அவை ஒவ்வொன்றின் ஊர் என்று நூறு அடுக்குகளை ஒரே கேள்வியாகக் கோத்து அனுப்பியிருந்தார். எந்த அடுக்கில் நிறுத்துவது என்று லைப்ரரிக்கு எவரும் சொல்லிவைக்கவில்லை. காலை முழுவதும் நான் காணாததை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே அவர் கண்டது எனக்கு உவப்பாக இல்லை.

"வந்தது ஒரே ஆளுதான் மேடம். அவரு கேட்ட கேள்விதான் இன்னும் முடியல."

ஒற்று

லைப்ரரியின் இந்தக் குறை இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. வரம்பு வைக்காவிட்டால் ஒரே கேள்வி சர்வரை முடக்கும் என்று அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பியவரும் ரஹ்மத்தான். வல்லினம் மிக வேண்டிய பதினோரு இடங்களில் சிவப்பில் ஒற்று இட்டுத் திருப்பி அனுப்பினேன். நேற்று வந்தவர் எனக்கு எச்சரிக்கை எழுதுவதா என்ற எரிச்சலில், சொன்ன பொருளுக்குள் நான் நுழையவே இல்லை.

அந்தப் பக்கத்தை இப்போது அவர் திரையில் திறந்தார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"நீங்க போட்ட ஒற்றெல்லாம் சரிதான் மேடம். லிமிட்டைத்தான் யாரும் போடல."

ஏழு

மதியம் சம்பத் நேரில் வந்தார். தவறு என்னுடையது என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அதை ரஹ்மத் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. இனித் தளத்தை ரஹ்மத் பார்த்துக்கொள்ளட்டும் என்று சம்பத் அங்கேயே முடிவு செய்தார். கடைக்கு மூன்று அடுக்குகள் போதும், பத்து வரை இயந்திரம் தாங்கும், வரம்பை எங்கே வைக்கலாம் என்று ரஹ்மத் அவரைக் கேட்டார். ஆறு ஆண்டுகளில் நான் அவரிடம் எதையும் கேட்டுச் செய்ததில்லை. சம்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏழு போதும் மேடம், ரங்கநாதரே ஏழு பிராகாரத்துக்குள்ளதானே இருக்கார். மாமி, நீங்க அதைக் குறிச்சுக்கோங்கோ."

குறித்துக்கொண்டேன், அந்தக் குறிப்பில் ஒற்றுப் பிழை எதுவும் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.